வாங்கியவன் வீட்டில் விற்றவன் பூட்டு

நம் நண்பர் ஒருவர் பேராக் மாநிலத்து நகரொன்றில் கணினிக் கடை நடத்தி வருகிறார். நேர்மையாளர். தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தவணையில் கணினி கொடுத்துவிட்டு, தவணை தவறினாலும் முகம் கோணாதவர். அன்னார் சென்ற மாதம் நம்மைக் காண வந்தவிடத்துப் பேச்சு கணினி விளையாட்டுகளின் பக்கம் திரும்பிற்று. கம்பெனியார் தம் விளையாட்டுகளுக்குப் போடும் பூட்டைப் பற்றி நாம் கடுமையாகச் சில சொன்னோம். அவர் சிரித்துக்கொண்டே, "ஐயா, பூட்டு இருந்தால் திருட்டுக் குறையும், திருட்டுக் குறைந்தால் விலை குறையும், விலை குறைந்தால் நன்மை யாருக்கு? வாங்குகிறவனுக்குத்தானே? தங்களுக்கு இதில் ஏன் கோபம்?" என்றார்.

வாதம் சங்கிலி போல் அழகாகத்தான் இருக்கிறது. நகரத்துப் படித்தவர் பலரும் இதையே சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆதலின் அச்சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பது நம் கடமையாகிறது. அவற்றுள் ஒன்று ஓரளவு தாங்கும் என்பதை முன்னதாகவே ஒப்புக்கொள்கிறோம். மற்றவை தாங்கா.

பூட்டு என்று நாம் சொல்வது இன்னதென்று அறியாதார்க்கு முதலில் சொல்லிவிடுவோம். கடையிலிருந்து ஓர் அரிசி மூட்டை திருட்டுப்போனால் கடைக்காரனிடம் ஒரு மூட்டை குறையும். கணினி விளையாட்டோ அத்தகைய பண்டமன்று. அதனைப் பிரதி எடுத்தால் மூலம் குறைவதில்லை. பிரதி எடுக்கச் செலவும் ஏறக்குறைய இல்லை. ஆகவே கம்பெனியார் விளையாட்டுக்குள்ளேயே ஒரு காவற்காரனைக் குடிவைத்து அனுப்புகின்றனர். "நீ காசு கொடுத்தவன்தானா? அதற்குச் சாட்சி எங்கே?" என்று அவன் கேட்பான். சில காவற்காரர் ஒருமுறை கேட்டு ஓய்வர். சிலர் நாள்தோறும் கேட்பர். சிலர் நொடிக்கு நொடி கேட்பர். இதில் வேடிக்கை யாதெனில், இந்தக் காவற்காரன் திருடன் வீட்டில் இருப்பதில்லை. திருட்டுப் பிரதி செய்வோர் அவனைக் கழற்றி எறிந்துவிட்டே பிறருக்குத் தருகின்றனர். காசு கொடுத்து வாங்கினவன் வீட்டில் மட்டுமே அவன் கால்நீட்டி உட்கார்ந்திருக்கிறான்!

இஃது இன்று நேற்று வந்த சங்கதியன்று. 1985-ஆம் ஆண்டில் 'எலைட்' என்னும் புகழ்பெற்ற விளையாட்டு, ஸ்பெக்ட்ரம் என்னும் சிறு கணினிக்காக இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. அதனுடன் 'லென்ஸ்லாக்' என்ற ஒரு பிளாஸ்டிக் கண்ணாடியையும் கொடுத்தனர். தொலைக்காட்சித் திரையில் இரண்டு எழுத்துகள் சிதைந்து தோன்றும். கண்ணாடியைத் திரைமேல் வைத்து நோக்கினால் அவை நேராகத் தெரியும். தெரிந்ததைத் தட்டெழுதினால் ஆட்டம் திறக்கும். திரை மிகப் பெரிதாயினும் மிகச் சிறிதாயினும் எழுத்துத் தெரியாது. சிலருக்கு வேறொரு விளையாட்டுக்குரிய கண்ணாடியே பெட்டியில் வந்து சேர்ந்தது! காசு கொடுத்தவன் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டதே மிச்சம். அன்று தொடங்கிய முறை இன்றும் மாறவில்லை. கண்ணாடிக்குப் பதிலாக இணையம் வந்திருக்கிறது, அவ்வளவே.

இணையம் என்றவுடன் நம் உறவுக்காரப் பிள்ளை ஒருவன் நினைவுக்கு வருகிறான். தோட்டத்தில் வளர்ந்தவன். பள்ளி விடுமுறையில் பட்டணத்து உணவுக்கடையில் தட்டுக் கழுவிச் சேர்த்த காசில் ஒரு விளையாட்டைப் பெட்டியாகவே வாங்கி வந்தான். பெட்டியில் குறுந்தட்டு இருந்தது. தட்டில் விளையாட்டும் இருந்தது. ஆனால் கணினியில் இட்டவுடன், "இணையத்தில் இணைந்து அனுமதி பெறுக" என்ற வாசகம் வந்து நின்றது. லயத்து வீட்டில் இணையம் ஏது? ஒரு ஞாயிற்றுக்கிழமை கணினியையே தூக்கிக்கொண்டு பட்டணம் போய், சிற்றப்பன் வீட்டில் அனுமதி பெற்று வந்தான். சில வாரங்களில் அனுமதி காலாவதியாயிற்று. கம்பெனிக்கு அவன் எழுதிய கடிதத்துக்கு வந்த பதிலில் வணக்கம் இருந்தது, வழி இல்லை. அவனுடைய வகுப்புத் தோழன் அதே விளையாட்டின் திருட்டுப் பிரதியை, இரவுச் சந்தையில் ஐந்து வெள்ளிக்கு வாங்கி, இணையமின்றி இரவெல்லாம் ஆடிக்கொண்டிருந்தான். நேர்மையாய் நடந்தவன் அசடனாகவும், நடவாதவன் சமர்த்தனாகவும் ஆன அந்த ஏற்பாட்டை அப்பிள்ளைக்கு நியாயப்படுத்திச் சொல்ல நமக்கு அன்று நா எழவில்லை. இன்றும் எழவில்லை.

ஒரு பிள்ளைக்கு நேர்ந்ததை வைத்து உலகத்தைப் பழிப்பதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆகவே உலகறிந்தவற்றைப் பார்ப்போம்.

2008-ஆம் ஆண்டு செப்டம்பரில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனியார் 'ஸ்போர்' என்னும் விளையாட்டை வெளியிட்டனர். வாங்கியவர் அதனை மூன்று முறை மட்டுமே கணினியில் நிறுவி உயிர்ப்பிக்கலாம். அதற்கு மேல் கம்பெனியைக் கெஞ்ச வேண்டும். கணினியை மாற்றினால் ஒன்று போயிற்று; பழுதுபார்த்து மீண்டும் நிறுவினால் இன்னொன்று போயிற்று. பூட்டால் நேர்ந்த பயன் யாது? வெளியீட்டு நாளுக்கு முன்னரே பூட்டுடைத்த பிரதி இணையத்தில் உலவிற்று. அவ்வாண்டில் மிகுதியாகத் திருட்டுப் பிரதி எடுக்கப்பட்ட விளையாட்டுகளில் அஃது முன்னணியில் நின்றது. காசு கொடுத்தவர்களோ அமேசான் கடையில் ஆயிரக்கணக்காய்த் திரண்டு மிகத் தாழ்ந்த மதிப்பெண் இட்டுத் தம் கோபத்தைக் காட்டினர். கம்பெனியார் மூன்றை ஐந்தாக்கினர்! கால்விலங்கைச் சற்றே தளர்த்திவிட்டு அதனைத் தயவு என்று பெயரிட்டு அழைத்தாற்போல.

2010-ஆம் ஆண்டில் யூபிசாஃப்ட் கம்பெனியார் 'அஸாஸின்ஸ் கிரீட் 2' விளையாட்டின் கணினிப் பதிப்பை வெளியிட்டபோது, தனியொருவன் தன் வீட்டில் தனித்து ஆடும் ஆட்டத்துக்கும் இணைய இணைப்பு இடையறாது இருத்தல் வேண்டும் என விதித்தனர். இணைப்பு அறுந்தால் ஆட்டம் அறும். மார்ச் மாதத்தில் யாரோ விஷமிகள் கம்பெனியின் சர்வர்களைத் தாக்கி முடக்கினர். உடனே என்ன நடந்தது? காசு கொடுத்தவர் பலர் கை பிசைந்து நின்றனர். எங்கேயோ ஒரு தேசத்தில் ஒரு சர்வர் நோயுற்றால், உலகமெங்கும் வாங்கியவன் வீட்டுப் பொருள் படுத்துவிடும் ஏற்பாட்டை, வாங்கியவனின் நன்மைக்கானது என்று சொல்வோர் முகத்தைச் சற்று நேருக்கு நேர் பார்க்க ஆசைப்படுகிறோம்.

2013-ஆம் ஆண்டு மார்ச்சில் வந்த 'சிம்சிட்டி'யின் கதை இதனினும் ரசமானது. நகரம் கட்டும் ஆட்டம் அது. ஒருவர் தனியே ஆடுவதற்கும் இணையம் கட்டாயம். வெளியான நாளிலேயே சர்வர்கள் திணறின. வாங்கியவர்கள் நாட்கணக்கில் வாசலிலேயே நின்றனர். ஏன் இந்தக் கட்டாயம் என்று கேட்டதற்கு, ஆட்டத்தின் கணக்குகளிற் பெரும்பகுதியை எங்கள் சர்வர்களே செய்கின்றன; ஆகவே தனியே இயங்க இயலாது என்ற பொருளில் விடை வந்தது. சில நாட்களுக்குள் நிரல் அறிந்த ஒருவர் அதனைத் திருத்தி, இணையமின்றியே ஆட்டம் இயங்குவதைக் காட்டினார். கம்பெனியார் சமாதானமாக வேறொரு விளையாட்டை இலவசமாய்க் கொடுத்தனர். பின்னர் 2014-ஆம் ஆண்டு மார்ச்சில், இயலாது என்று சொல்லப்பட்டதை அவர்களே இயலச்செய்து வெளியிட்டனர்! இயலாமை எங்கே இருந்தது? கணினியிலா, மனத்திலா?

பூட்டே விளையாட்டின் ஓட்டத்தைக் கெடுத்ததும் உண்டு. 2021 மே மாதத்தில் 'ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்' என்ற விளையாட்டு வந்தது. கணினியில் அதனை ஆடியவர்கள், சண்டைக் கட்டங்களில் படம் திக்கித் திக்கி நிற்பதாக முறையிட்டனர். பூட்டுடைத்த பிரதியில் அந்தத் திக்கல் இல்லை என்பது வெளிவந்த பிறகே, ஜூலையில் கம்பெனியார் திருத்தம் வெளியிட்டனர். அஃதாவது, பல நூறு வெள்ளி கொடுத்து நல்ல கணினி வாங்கி, நேர்மையாய் விளையாட்டும் வாங்கியவனுக்கு மட்டமான சரக்கு. கொடாதவனுக்கு நல்ல சரக்கு. நம் கடைக்கார நண்பர் தம் கடையில் இப்படி வியாபாரம் செய்வாரா? செய்தால் ஒரு வாரம் தாங்குவாரா?

இன்னொன்று. 2008-இல் 'ரெயின்போ சிக்ஸ் வேகாஸ் 2' என்னும் விளையாட்டுக்குத் திருத்தம் ஒன்று வந்தது. தட்டே இல்லாமல் இணையத்தில் வாங்கி இறக்கியவர்களிடமும் அத்திருத்தம், "தட்டை இடு" என்று கேட்கலாயிற்று! இல்லாத தட்டை எங்கே இடுவது? அப்போது கம்பெனியார் மருந்தாக அளித்த கோப்பினை ஆராய்ந்து பார்த்தால், அது பூட்டுடைக்கும் கூட்டத்தார் ஒருவர் செய்த கோப்பு. தாம் இட்ட பூட்டைத் திறக்கத் தமக்கே வழியின்றி, திருடன் செய்த சாவியை வாங்கி வாடிக்கைக்காரருக்குக் கொடுத்த வள்ளன்மையை என்னென்பது!

நிற்க. நண்பரின் சங்கிலிக்கு வருவோம்.

பூட்டினால் திருட்டுக் குறைகிறதா என்பது முதற்கண்ணி. இதிலேதான் ஓரளவு உண்மை உண்டென்றோம். 2014-ஆம் ஆண்டு முதல் 'டெனுவோ' என்ற பூட்டு வழக்கில் இருக்கிறது. ஆஸ்திரியா தேசத்தில் செய்யப்பட்டது. முன்னைய பூட்டுகளைக் காட்டிலும் உறுதியானது. அதனைத் தரித்த 86 விளையாட்டுகளை ஆராய்ந்து 2024-இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று, வெளியான முதல் வாரத்திலேயே பூட்டு உடைந்தால் கம்பெனியின் மொத்த வருவாயில் ஐந்திலொரு பங்கு அளவுக்கு நஷ்டம் நேரும் என்று கணக்கிட்டது. இதனை நாம் மறைக்கப்போவதில்லை. விளையாட்டைச் செய்பவர்களும் தொழிலாளிகளே. இரவு பகல் கண்விழித்துப் படம் வரைந்து நிரல் எழுதுகிறவர்களின் கூலி அந்த வருவாயிலிருந்தே வருகிறது. திருட்டுப் பிரதியைப் புண்ணியம் என்று போற்றுவோர் கூட்டத்தில் நாம் இல்லை. ஐந்து வெள்ளித் தட்டு விற்றவன் ஏழை பங்காளனுமல்லன். பிறர் உழைப்பை விற்றவன்.

ஆயினும் அதே ஆராய்ச்சியின் மறுபாதியையும் படிக்க வேண்டுமல்லவா? நாள் செல்லச் செல்ல இந்த நஷ்டம் குறைந்துகொண்டே வருகிறது. பன்னிரண்டு வாரங்களுக்குப் பின் பூட்டு உடைந்தாலும் கம்பெனிக்கு நஷ்டம் ஏறக்குறைய இல்லை. ஆகவே மூன்று மாதத்துக்கு மேல் அப்பூட்டை வைத்திருக்க நியாயம் இல்லை என்பதே அதன் முடிவு. 2016 மே மாதத்தில் வெளிவந்த 'டூம்' விளையாட்டிலிருந்து அவ்வாண்டு டிசம்பரிலேயே இந்தப் பூட்டை எடுத்துவிட்டனர். விளையாட்டு ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அங்ஙனமாயின், மற்றக் கம்பெனிகள் ஐந்தாண்டு, பத்தாண்டு சென்ற பின்னும் வாங்கியவன் கழுத்தில் அதனை மாட்டி வைத்திருப்பது எந்தத் திருட்டைத் தடுக்க?

திருட்டுக் குறைந்தால் விலை குறையும் என்பது இரண்டாம் கண்ணி. இது முற்றும் பொய். கணினியைக் காட்டிலும் இறுக்கமாகப் பூட்டப்பட்டவை பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ முதலிய விளையாட்டுப் பெட்டிகள். அவற்றில் திருட்டுப் பிரதி கணினியினும் அரிது. நண்பர் சொல்வது மெய்யானால் அங்கேதான் விலை அடிமட்டத்தில் இருக்க வேண்டும். நடப்பதென்ன? பெரிய விளையாட்டுகளின் விலை அமெரிக்காவில் 60 டாலராக இருந்தது, 2020-ஆம் ஆண்டு முதல் 70 ஆயிற்று. 2025-இல் நின்டெண்டோ கம்பெனியார் தம் விளையாட்டொன்றுக்கு 80 டாலர் வைத்தனர். பூட்டு இறுக இறுக விலை ஏறியதே யன்றி இறங்கியதாக நாம் அறியோம். விலையை இறக்குவது போட்டி. பூட்டோ போட்டியைக் குறைப்பது. தட்டாக வாங்கிய விளையாட்டை ஆடி முடித்து, பாதி விலைக்குப் பக்கத்து வீட்டானுக்கு விற்கலாம், தம்பிக்குக் கொடுக்கலாம், அடுத்த தோட்டத்து மாமன் மகனுடைய விளையாட்டோடு மாற்றிக்கொள்ளலாம். ஏழை எளியவர்க்கு அதுவே உண்மையான விலைக்குறைப்பு. பூட்டு முதலில் கொல்வது அந்தக் கைமாற்றைத்தான்.

இதற்குச் சான்று வேண்டுவோர் 2013-ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களை நினைவுகூர்க. மைக்ரோசாஃப்ட் கம்பெனியார் 'எக்ஸ்பாக்ஸ் ஒன்' என்ற பெட்டியை அறிவித்தனர். இருபத்துநான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அது இணையம் வழித் தலைமையகத்தில் ஆஜர் கொடுக்க வேண்டும். கொடாவிடில் விளையாட்டுகள் ஓடா. தட்டை விற்பதற்கும் இரவல் கொடுப்பதற்கும் கட்டுப்பாடு. இவற்றுக்கு ஈடாக, குடும்பத்தார் பத்துப் பேர் ஒரே விளையாட்டுத் தொகுதியைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று சலுகை காட்டினர். நண்பர் சொல்லும் 'வாங்குகிறவனுக்கு நன்மை தரும் பூட்டு' என்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் கிடையாது. எதிர்ப்புக் கிளம்பிற்று. இணைய வசதி இல்லாதவர் என் செய்வர் என்று கேட்டபோது, அப்பகுதிக்கு அன்று தலைவராயிருந்த டான் மாட்ரிக் என்பார், அவர்களுக்கு இணையம் வேண்டாத பெட்டி ஒன்று ஏற்கெனவே உண்டு, அது எக்ஸ்பாக்ஸ் 360 என்ற பொருள்பட விடையளித்தார். நீர்மூழ்கிக் கப்பலில் பணிபுரியும் ஒருவர் எழுதிய முறையீட்டையும் அப்பேச்சிலேயே குறிப்பிட்டு, அவர் நிலைமைக்கு இரங்கினார்.

வாசகர்களே, கவனியுங்கள். கடலுக்கடியில் இருப்பவனும் காட்டோரத்துத் தோட்டத்தில் இருப்பவனும் அவருக்கு ஒன்றே. பழைய பெட்டியோடு இரு என்பதே இருவருக்கும் விடை. அமெரிக்காவிலும் கிராமங்கள் உண்டு. இணையம் எட்டாத ஏழைகள் உண்டு. ஜூன் 10-ஆம் நாள் போட்டிக் கம்பெனியாகிய சோனி தன் பெட்டிக்கு இத்தகைய கட்டுப்பாடு இல்லையென்று அறிவித்தபோது மண்டபத்தில் எழுந்த ஆரவாரமே மைக்ரோசாஃப்டுக்குத் தீர்ப்பாயிற்று. ஜூன் 19-ஆம் நாள் அவர்கள் பின்வாங்கினர். அதோடு பத்துப் பேர் சலுகையையும் திரும்பப் பெற்றுக்கொண்டனர். அந்தச் சலுகை போயிற்றே என்று வருந்தியவர் சிலர் உண்டு. அவர்கள் வருத்தத்தை நாம் இகழவில்லை. ஆனால் தட்டை எவர்க்கும் எடுத்துக் கொடுக்கும் பழைய உரிமை, அந்தச் சலுகைக்கு முன்னரே வாங்கியவனிடம் இருந்ததுதானே? நம்மிடமிருந்து பறித்த ஒன்றில் ஒரு துண்டை நமக்கே வெகுமதியாக நீட்டினால் கைகூப்பி வாங்கிக்கொள்ள வேண்டுமா?

இனி, நகரத்து இளைஞர் சிலர் எடுத்துவைக்கும் வேறொரு வாதம் உண்டு. ஆழமானது, தட்டிக் கழிக்கத் தக்கதன்று. "ஸ்டீம் கடையைப் பாருங்கள், அதிலும் பூட்டு உண்டு, ஆயினும் கோடிக்கணக்கானோர் மனமுவந்து வாங்குகின்றனரே" என்பர். மெய்தான். வால்வ் கம்பெனியார் 2003-இல் தொடங்கிய அக்கடையை, 2004-இல் 'ஹாஃப் லைஃப் 2' விளையாட்டோடு கட்டாயமாக்கியபோது வாங்கியோர் வைதனர். பின்னர் வசவு ஓய்ந்தது. காரணம், தட்டுத் தொலைந்தாலும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். திருத்தங்கள் தாமே வந்து சேரும். பண்டிகைக் காலத் தள்ளுபடி உண்டு. பிடிக்காவிடில் குறித்த காலத்துக்குள் பணத்தைத் திரும்பப் பெறவும் வழி செய்தனர். இவை நன்மைகளே. நாமும் அனுபவித்திருக்கிறோம்.

ஆனால் இந்நன்மைகள் பூட்டிலிருந்து வந்தனவா? இதுவே கேள்வி. அதே ஸ்டீம் கடையில், செய்தவர் விருப்பப்படி பூட்டே இல்லாமல் விற்கப்படும் விளையாட்டுகளும் உள. அவற்றுக்கும் மறு இறக்கம் உண்டு, திருத்தம் உண்டு, தள்ளுபடியும் உண்டு. போலந்து தேசத்தார் 2008-இல் தொடங்கிய 'கோக்' என்னும் கடை, பூட்டில்லாத விளையாட்டுகளை விற்பதையே கொள்கையாகக் கொண்டது. அங்கும் இவ்வசதிகளெல்லாம் உண்டு. அவ்வீட்டாரே செய்த 'விட்சர் 3' 2015-இல் முதல் நாளிலிருந்தே அக்கடையில் பூட்டின்றிக் கிடைத்தது. யார் வேண்டுமாயினும் பிரதி எடுக்கலாம். 2023-ஆம் ஆண்டுக்குள் எல்லாப் பெட்டிகளிலும் எல்லாக் கடைகளிலுமாக 5 கோடிப் பிரதிகள் விற்றதாக அவர்கள் அறிவித்தனர். பலசரக்குக் கடைக்காரர் வாசலில் நாயைக் கட்டி வைத்துவிட்டு, உள்ளே வருவோர்க்குத் தேநீர் கொடுத்தால், கூட்டம் தேநீருக்காக வருகிறதா, நாய்க்காக வருகிறதா?

பலர் கூடி ஆடும் பந்தயங்களில் ஏமாற்றுவோரைத் தடுக்கும் காவல் வேண்டாமா என்பாரும் உளர். வேண்டும். அது மைதானத்துக்கு வேலி. நாம் பேசுவது வீட்டிலுள்ள பந்துக்குப் பூட்டு. இரண்டையும் குழப்ப வேண்டா.

பூட்டின் முழுக் கொடுமை தெரிவது வாங்கிய அன்றல்ல, பல்லாண்டு கழித்தே. 2015-ஆம் ஆண்டில் விண்டோஸ் 10 வந்தபோது, பழைய தட்டுகளிலிருந்த 'சேஃப்டிஸ்க்' முதலிய பூட்டுகளுக்கு அதில் இடமில்லை என மைக்ரோசாஃப்ட் விலக்கிவிட்டது. அப்பூட்டுகள் கணினியின் பத்திரத்துக்கே ஆபத்து என்பது காரணம். விலக்கியது சரியே. ஆனால் பூட்டு செத்தவுடன் அதனோடு பிணைத்திருந்த விளையாட்டும் செத்தது. தட்டு இருக்கிறது, கீறல் இல்லை, வாங்கிய ரசீதும் இருக்கலாம், ஆட்டம் மட்டும் திறவாது. அதனைத் திறக்கப் பூட்டுடைப்போர் செய்த கோப்பே கதி. நேர்மையாளனைத் திருடன் வாசலுக்கு அனுப்பி வைப்பதில் இப்பூட்டுக்கு நிகர் வேறில்லை.

இணையத்தில் கட்டப்பட்டவற்றின் கதி இன்னும் மோசம். யூபிசாஃப்ட் 2014-இல் விற்ற 'தி க்ரூ' என்ற மோட்டார்ப் பந்தய விளையாட்டைத் தனியே ஆடவும் சர்வர் வேண்டும். 2024 மார்ச் 31-ஆம் நாள் சர்வரை அணைத்தனர். விளையாட்டு மாண்டது. மாண்டது மட்டுமோ? அடுத்த மாதம், வாங்கியோர் கணக்கிலிருந்த உரிமத்தையும் அழித்தனர். தோட்டத்து லயத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தோர், தோட்டம் கைமாறிய அன்று, வீடு தமதன்று, வேலையுள்ள வரை தங்க விட்ட அனுமதியே அது என்று கற்றுக்கொண்ட வரலாற்றை நம் வாசகர்க்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. விளையாட்டு வேறு, வீடு வேறு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க மாட்டோம். ஆனால் எழுதப்பட்டிருக்கும் சட்டத்தின் வாசகம் இரண்டுக்கும் ஒன்றே: நீ வாங்கவில்லை, நாங்கள் விட்டுவைத்தோம்.

இந்நிகழ்ச்சிக்குப் பின்னரே ஐரோப்பாவில் ராஸ் ஸ்காட் என்பார் தொடங்கிய இயக்கம் வலுத்தது. சர்வரை அணைத்தாலும் விளையாட்டை ஆடத்தக்க நிலையில் விட்டுப்போக வேண்டும் என்று கோரிய மனுவில், 2025 ஜூலைக்குள் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலும் 2024-இல் ஒரு சட்டம் செய்தனர். 2025 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது. உரிமத்தை மட்டுமே விற்கிறவர், அது உரிமமே என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் பயன்படுத்தக்கூடாது. இறக்கிக்கொண்டு இணையமின்றி என்றும் வைத்துக்கொள்ளத்தக்க பொருளுக்கோ அவ்வறிவிப்புத் தேவையில்லை. கவனித்தீர்களா? பூட்டில்லாததை மட்டுமே தயக்கமின்றி 'வாங்கினேன்' எனலாம் என்று சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது.

நம் நாடுகளின் சட்டமோ இன்னும் விற்பவன் பக்கமே சாய்ந்து நிற்கிறது. 1998-ஆம் ஆண்டில் அமெரிக்கா, பூட்டை உடைப்பதையே குற்றமாக்கிற்று. அமெரிக்காவோடு செய்துகொண்ட வாணிப உடன்படிக்கை 2004-இல் நடைமுறைக்கு வந்தபோது அதே கொள்கை சிங்கப்பூருக்கும் வந்தது. மலேசியாவின் பதிப்புரிமைச் சட்டத்திலும் அவ்விதி உண்டு. அமெரிக்காவிலேயே 2015-இல், கம்பெனி கைவிட்டுப்போன விளையாட்டை வாங்கியவன் தன் வீட்டில் ஆடிக்கொள்வதற்காக அனுமதிப் பூட்டை நீக்கலாம் என்று விதிவிலக்கு அளித்திருக்கின்றனர். பூட்டைச் செய்த தேசமே திறக்க ஒரு சந்து விட்டிருக்க, இங்குள்ள வாங்குவோர் அது போன்றதொன்றைக் கேட்டுக் குரல் எழுப்பாதிருப்பது ஏன்? வாங்குவோர் சங்கங்கள் மளிகை விலையையும் மீன் விலையையும் கவனிக்கின்றன, நல்லது. பிள்ளைகள் மாதக்கணக்கில் சேர்த்த காசு எங்கே போகிறது என்பதையும் கவனிக்கலாம்.

இவ்வளவும் சொல்லி முடித்தபோது நண்பர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்படியானால் எந்தப் பூட்டும் கூடாது என்கிறீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றோம். முதல் மூன்று மாதம் பூட்டிக்கொள்ளட்டும். உழைத்தவனுக்குக் கூலி சேரட்டும். ஆனால் பூட்டு கழலும் நாளைப் பெட்டியின் மேலேயே அச்சிட்டு விற்கட்டும். பாலுக்கும் ரொட்டிக்கும் காலாவதி நாள் அச்சிடுகிறார்களே, அது போல. இணையம் வேண்டும் என்பதைச் சிற்றெழுத்தில் மூலையில் ஒளிக்காமல், விலைக்குப் பக்கத்தில் விலையளவு எழுத்தில் போடட்டும். சர்வரை அணைக்கும் நாளில் திறவுகோலை வாங்கியவன் கையில் கொடுத்துவிட்டுப் போகட்டும். இம்மூன்றும் உள்ள பூட்டை அவர் கடையில் விற்கட்டும். நாமே முதலில் வந்து வாங்குகிறோம்.

நண்பர் தம் கடையிலுள்ள பெட்டிகளை அன்றிரவே எடுத்துப் பார்த்தாராம். இணையம் கட்டாயமானவற்றைத் தனி அலமாரியில் வைத்து, தமிழிலும் மலாயிலும் சீட்டு எழுதி ஒட்டியிருப்பதாகத் தொலைபேசியில் சொன்னார். முதல் மாற்றத்துக்கும் மூன்றாம் மாற்றத்துக்கும் அவர் பொறுப்பல்லர். பூட்டு கழலும் நாளை யார் அச்சிடுவார், திறவுகோலை யார் தருவார் என்று கேட்டு, சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பதில் வந்தால் இப்பகுதியில் வெளியிடுவோம்.